பகா எண்ணைத் தேடிய பள்ளி ஆசிரியர்

நுழையும்முன்

ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண் பகா எண் எனப்படும். 2, 3, 5, 7, 11 எனத் தொடங்கும் இவ்வரிசைக்கு முடிவே இல்லை என்பதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கிரேக்க அறிஞர் யூக்ளிட் மெய்ப்பித்தார். முடிவில்லை என அறிவது எளிது; ஆயினும் ஒரு பெரிய எண்ணைச் சுட்டி, இது பகா எண்தான் என ஐயமின்றிக் கூறுவது அரிது. கணினி தோன்றாத காலத்தில், தாளும் எழுதுகோலும் மட்டுமே துணையாகக் கொண்டு, 39 இலக்கங்கள் உடைய எண் ஒன்றைப் பகா எண் என நிறுவினார் ஒரு பள்ளி ஆசிரியர். அவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்த எதுவார் லூக்காஸ்.

கல்வியும் பணியும்

பிரான்சின் வடபகுதியில் உள்ள அமியேன் நகரில் 1842ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் லூக்காஸ் பிறந்தார். இளமையிலேயே கணிதத்தில் சிறந்து விளங்கிய அவர், பாரிசில் உள்ள புகழ்பெற்ற எக்கோல் நார்மல் சுப்பீரியர் என்னும் உயர்கல்வி நிறுவனத்தில் பயின்றார். கல்வி முடிந்ததும் பாரிசு வானாய்வகத்தில் பணியில் அமர்ந்தார். நெப்டியூன் கோள் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டே முன்னறிவித்த லெவெரியே அப்போது அவ்வானாய்வகத்தின் தலைவராக இருந்தார். கோள்களின் இயக்கத்தைக் கணக்கிடும் பணி பிழையின்மையையும் பொறுமையையும் வேண்டி நிற்பது. அவ்விரண்டும் லூக்காசின் வாழ்நாள் முழுவதும் உடன் வந்தன.

1870ஆம் ஆண்டு பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் இடையே போர் மூண்டது. லூக்காஸ் பீரங்கிப் படையில் அதிகாரியாகப் பணியாற்றினார். போரில் பிரான்சு தோல்வியுற்றது. படையிலிருந்து மீண்ட லூக்காஸ் ஆசிரியப் பணியை மேற்கொண்டார். முதலில் மூலேன் நகரின் உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர்ப் பாரிசில் சார்லமாஞ், செயின்ட் லூயி ஆகிய பள்ளிகளிலும் கணிதம் கற்பித்தார். மாணவரை மகிழ்வித்துக் கற்பிக்கும் நல்லாசிரியர் எனப் பெயர் பெற்றார். பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் பள்ளி வகுப்பறையிலிருந்து திரும்பியபின் அவர் செய்த ஆய்வுகள் உலகெங்கும் உள்ள கணித அறிஞர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தன.

பீரங்கிக் குண்டுகளைச் சதுர அடித்தளத்தின்மீது கூம்பாக அடுக்குவது தொடர்பான புதிர் ஒன்றை 1875ஆம் ஆண்டு அவர் வெளியிட்டார். அடுக்கில் உள்ள குண்டுகளின் மொத்த எண்ணிக்கை எப்போது ஒரு வர்க்க எண்ணாக அமையும் என்பதே கேள்வி. ஒரே குண்டு என்னும் எளிய நிலையை விடுத்தால், 24 அடுக்குகள் இருக்கும்போது மட்டுமே அவ்வாறு அமையும் என்றார். அப்போது குண்டுகள் 4900. அது 70இன் வர்க்கம். பார்வைக்கு விளையாட்டாகத் தோன்றும் இக்கூற்றுக்கு முழுமையான மெய்ப்பிப்பு கிடைக்க 1918ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

துறவியின் பட்டியல்

லூக்காசை ஈர்த்த பெருஞ்சிக்கல் அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றியது. மரேன் மெர்சென் என்பவர் 17ஆம் நூற்றாண்டில் பாரிசில் வாழ்ந்த கிறித்தவத் துறவி. அறிஞர் பலருடனும் மடல்வழித் தொடர்பு கொண்டு, ஒருவர் கண்டறிந்ததை மற்றவருக்கு எடுத்துரைத்து அறிவை வளர்த்தவர். இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்துப் பெறும் எண்களை அவர் ஆராய்ந்தார். இன்று அவை மெர்சென் எண்கள் எனப்படுகின்றன.

2² − 1 = 3; 2³ − 1 = 7; 2⁵ − 1 = 31; 2⁷ − 1 = 127. இவை யாவும் பகா எண்கள். அடுக்கு பகு எண்ணாக இருப்பின் கிடைக்கும் எண்ணும் பகு எண்ணாகவே அமையும். ஆனால் அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது. 11 பகா எண்ணே; எனினும் 2¹¹ − 1 = 2047 என்பது 23, 89 ஆகிய இரு காரணிகளின் பெருக்கற்பலன். ஆகவே ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே சோதித்தே முடிவு கூற வேண்டும்.

257 வரையிலான அடுக்குகளுள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவை மட்டுமே பகா எண்களைத் தரும் என மெர்சென் 1644ஆம் ஆண்டு எழுதினார். அத்துணைப் பெரிய எண்களை அவரால் சோதித்திருக்க இயலாது. பட்டியல் சரியா, தவறா எனக் கூறவும் அன்று எவராலும் இயலவில்லை. ஏறத்தாழ நூற்றிருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1772ஆம் ஆண்டு, மாபெரும் கணித அறிஞர் ஆய்லர் 2³¹ − 1 பகா எண்ணே என நிறுவினார். 2,147,483,647 என்னும் அவ்வெண்ணுக்கு 10 இலக்கங்கள். அதற்கு மேலுள்ள 67, 127, 257 ஆகிய அடுக்குகள் எட்டாத உயரத்தில் நின்றன.

தடை எங்கே இருந்தது? ஓர் எண் பகா எண்ணா என அறிய நாம் கற்ற வழி, அதன் வர்க்கமூலம் வரையிலான எண்களால் அதனை வகுத்துப் பார்ப்பதே. 2¹²⁷ − 1 என்னும் எண்ணை இவ்வழியில், நொடிக்கு ஓர் எண் வீதம், ஓய்வின்றி வகுத்துச் சென்றாலும் நாற்பதாயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேலாகும். மனித உழைப்பை எத்தனை மடங்கு பெருக்கினாலும் இவ்வழி இலக்கை அடையாது. தேவைப்பட்டது கூடுதல் உழைப்பன்று, வேறொரு வழி.

வகுக்காமல் அறியும் வழி

அவ்வழியை லூக்காஸ் வேறோர் எண்வரிசையில் கண்டார். 1, 1, 2, 3, 5, 8, 13 என ஒவ்வோர் எண்ணும் தனக்கு முந்தைய இரண்டின் கூடுதலாக அமையும் வரிசை அது. அதற்கு பிபனாச்சி வரிசை என்னும் பெயர் வழங்கச் செய்தவரும் லூக்காசே. இத்தாலிய அறிஞரான பிபனாச்சிக்கு முன்னரே, குறிலும் நெடிலும் கலந்து அமையும் மாத்திரை அளவுகளைக் கணக்கிட்ட இந்திய யாப்பியலார் இவ்வெண்களை அறிந்திருந்தனர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

அதே விதியில், 1, 3 என்னும் எண்களில் தொடங்கி 1, 3, 4, 7, 11, 18, 29, 47 எனச் செல்லும் மற்றொரு வரிசையையும் அவர் ஆராய்ந்தார். அது இன்று லூக்காஸ் எண்வரிசை எனப்படுகிறது. இவ்வரிசையின் இரண்டாம் எண் 3. நான்காம் எண் 7. எட்டாம் எண் 47. இவற்றுக்கிடையே எளிய உறவு ஒன்று உண்டு. ஓர் எண்ணை வர்க்கப்படுத்தி இரண்டைக் கழித்தால் அடுத்தது கிடைக்கும். 3இன் வர்க்கம் 9. இரண்டைக் கழிக்க 7. 7இன் வர்க்கம் 49. இரண்டைக் கழிக்க 47.

இவ்வுறவே லூக்காசின் கையில் உரைகல்லாயிற்று. 127 என்னும் எண்ணைக் கொண்டு அதனை விளங்கிக்கொள்ளலாம். இது 2⁷ − 1. முதலில் 3, அடுத்து 7, அடுத்து 47. 47இன் வர்க்கத்திலிருந்து இரண்டைக் கழித்தால் 2207. அதனை 127ஆல் வகுக்க மீதி 48. இனி மீதியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். 48இன் வர்க்கத்திலிருந்து இரண்டைக் கழித்தால் 2302, மீதி 16. 16இன் வர்க்கத்திலிருந்து இரண்டைக் கழித்தால் 254, அது 127இன் இருமடங்கு, மீதி சுழியம். அடுக்கு 7, ஆறாம் படியில் மீதி சுழியமாயிற்று. ஆகவே 127 பகா எண். எந்தக் காரணியையும் தேடாமலேயே முடிவு கிடைத்துவிட்டது.

நான்கால் வகுக்கும்போது மீதி 3 வரும் பகா அடுக்குகளுக்கு இச்சோதனை பொருந்தும். 127 என்னும் அடுக்கும் அத்தகையதே. எனவே 2¹²⁷ − 1 பகா எண்ணா என அறிய, 126ஆம் படியில் மீதி சுழியமாகிறதா எனப் பார்த்தால் போதும். கோடிக்கணக்கான ஆண்டுகள் வேண்டிய வேலை, 125 முறை வர்க்கப்படுத்தும் வேலையாகச் சுருங்கிற்று.

நூற்றிருபத்தேழாம் அடுக்கு

சுருங்கிற்று என்றாலும் அது சிறு வேலையன்று. ஒவ்வொரு படியிலும் 39 இலக்கம் வரை உள்ள எண்ணை வர்க்கப்படுத்த வேண்டும். கிடைத்ததை மற்றொரு 39 இலக்க எண்ணால் வகுத்து மீதி காண வேண்டும். ஒரே ஓரிடத்தில் ஓர் இலக்கம் பிழைத்தாலும் அதன்பின் வரும் படிகள் யாவும் வீணாகும்.

இவ்விடரையும் லூக்காஸ் நுட்பமாகக் கடந்தார். எண்களைச் சுழியமும் ஒன்றும் மட்டுமே கொண்ட ஈரடிமான முறையில் எழுதினார். அம்முறையில் 2¹²⁷ − 1 என்பது 127 ஒன்றுகள் வரிசையாக நிற்கும் எண். அதனால் வகுத்து மீதி காண வகுத்தலே தேவையில்லை. 127 இடங்களைத் தாண்டிச் செல்லும் இலக்கங்களை மீண்டும் முதல் இடத்திலிருந்து வைத்துக் கூட்டினால் போதும். 127 வரிசையும் 127 நிரலும் கொண்ட சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களில் இலக்கங்களை நிரப்பி, அவற்றை நகர்த்தியும் கூட்டியும் ஒவ்வொரு படியையும் கடக்கலாம் என அவர் கண்டார். கணினிகள் இன்று பயன்படுத்தும் எண்முறையை, கணினி பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஓர் ஆசிரியர் இவ்வாறு கணக்கிடுதற்குரிய கருவியாக்கினார்.

1876ஆம் ஆண்டு லூக்காஸ் தம் முடிவை வெளியிட்டார். 2¹²⁷ − 1 பகா எண். அதன் முழு வடிவம் இது:

170,141,183,460,469,231,731,687,303,715,884,105,727

அதுவரை பகா எண் என அறியப்பட்டிருந்த பெரிய எண்ணுக்கு இதைவிட மிகக் குறைந்த இலக்கங்களே இருந்தன. அதனை லூக்காஸ் ஒரே தாவலில் 39 இலக்கங்களுக்கு உயர்த்தினார். பின்வந்தோரின் கணக்கீடுகளும் இம்முடிவை உறுதிசெய்தன.

இவ்வெண்ணுக்குச் சிறப்புகள் சில உண்டு. தன்னை ஒழித்த மற்றக் காரணிகளின் கூடுதலுக்குச் சமமாக உள்ள எண் நிறைவெண் எனப்படும். 6இன் காரணிகளான 1, 2, 3 ஆகியவற்றின் கூடுதல் 6 ஆதலால் அது நிறைவெண். ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைத் தரும் என்பது யூக்ளிட் காட்டிய உண்மை. அதன்படி லூக்காசின் எண்ணை 2¹²⁶ஆல் பெருக்கினால் 77 இலக்கங்கள் கொண்ட நிறைவெண் கிடைக்கிறது. மேலும், 2இலிருந்து தொடங்கி, கிடைக்கும் எண்ணையே மீண்டும் அடுக்காகக் கொண்டு சென்றால் 3, 7, 127, அதனையடுத்து 2¹²⁷ − 1 எனத் தொடர்ந்து பகா எண்களே வருகின்றன. இச்சங்கிலியின் அடுத்த கண்ணியும் பகா எண்ணா என்பது இன்றளவும் விடை காணப்படாத வினா.

காரணி காட்டாத மெய்ப்பிப்பு

மெர்சென் பட்டியலில் இருந்த 67ஆம் அடுக்கையும் லூக்காஸ் சோதித்தார். மீதி சுழியமாகவில்லை. ஆகவே 2⁶⁷ − 1 பகா எண்ணன்று என அறிவித்தார். இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக மதிக்கப்பட்ட பட்டியலில் பிழை உண்டென அவ்வாறு புலப்பட்டது. அவ்வெண்ணின் காரணிகள் எவை எனக் கேட்டால் அவரிடம் விடையில்லை. காரணி உண்டு என்பது உறுதி. அது எது என்பது தெரியாது. காணாத ஒன்றை உண்டென நிறுவும் ஆற்றல் அவரது முறைக்கு இருந்தது.

1903ஆம் ஆண்டு, லூக்காஸ் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் பிராங்க் நெல்சன் கோல் என்பவர் 193,707,721, 761,838,257,287 ஆகிய இரு காரணிகளை முன்வைத்தார். அவ்விரண்டின் பெருக்கற்பலன் 2⁶⁷ − 1க்குச் சமமாக இருந்தது. லூக்காஸ் கூறியது மெய்யெனக் கண்ணுக்குத் தெரிந்த நாள் அது. பின்னாளில் 257ஆம் அடுக்கும் தவறென அறியப்பட்டது. 61, 89, 107 ஆகிய அடுக்குகள் மெர்சென் பட்டியலில் விடுபட்டிருந்ததும் புலனாயிற்று.

விளையாட்டும் கணிதமும்

கணிதம் கற்றோர்க்கு மட்டுமே உரியதன்று என்பதில் லூக்காஸ் உறுதியாக இருந்தார். கணித விளையாட்டுகளைத் தொகுத்து அவர் எழுதிய நூல் நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. அவற்றுள் இறுதி இரண்டும் அவர் மறைவுக்குப் பின் அச்சேறின. புள்ளிகளைக் கோடுகளால் இணைத்துக் கட்டங்களைக் கைப்பற்றும் விளையாட்டை நம் மாணவர்களும் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஆடுவதுண்டு. அதனை 1889ஆம் ஆண்டு முதன்முதலில் எழுதி வெளியிட்டவர் லூக்காசே.

1883ஆம் ஆண்டு அவர் அறிமுகப்படுத்திய ஹனோய் கோபுரம் என்னும் விளையாட்டு உலகெங்கும் பரவியது. மூன்று கம்பங்கள், ஒன்றில் பெரியதன்மேல் சிறியதாக அடுக்கிய வட்டுகள். ஒரு முறைக்கு ஒரு வட்டாக, சிறியதன்மேல் பெரியதை வைக்காமல், அடுக்கு முழுவதையும் மற்றொரு கம்பத்துக்கு மாற்ற வேண்டும். தம் பெயரை மறைத்து, தம் பெயரும் ஊரும் சேர்ந்த எழுத்துகளை மாற்றியமைத்து உருவாக்கிய புனைபெயரில் அதனை அவர் வெளியிட்டார். தாம் பணியாற்றிய பள்ளியின் பெயரையும் அவ்வாறே மாற்றி, கீழைநாட்டுக் கல்லூரி ஒன்றின் பெயர்போல் ஒலிக்கச் செய்தார்.

காசி நகரக் கோவிலில் 64 பொன்வட்டுகளை அந்தணர் இடையறாது மாற்றி வருவதாகவும், அப்பணி முடியும் நாளில் உலகம் முடியும் எனவும் ஒரு கதை அவ்விளையாட்டோடு சேர்ந்து பரவியது. கதை கற்பனையே, கணக்கு மெய்யானது. மூன்று வட்டுகளுக்கு 7 நகர்த்தல்கள், ஐந்துக்கு 31, ஏழுக்கு 127 எனத் தேவைப்படும். 64 வட்டுகளுக்கு 2⁶⁴ − 1 நகர்த்தல்கள் வேண்டும். நொடிக்கு ஒன்றாகச் செய்தாலும் ஐம்பத்தெட்டாயிரம் கோடி ஆண்டுகளாகும். விளையாட்டுப் பொருளுக்குள் மறைந்திருப்பவை மெர்சென் எண்களே. தம்மை ஆட்கொண்ட எண்களைச் சிறுவரின் கையிலும் தந்துவிட்டார் லூக்காஸ்.

எதிர்பாரா முடிவு

1891ஆம் ஆண்டு எண்ணியல் குறித்த அவரது பெருநூலின் முதல் தொகுதி வெளிவந்தது. அவ்வாண்டு மார்செய் நகரில் அறிவியல் வளர்ச்சிக்கான பிரெஞ்சுக் கழகத்தின் மாநாடு நடைபெற்றது. அங்கு நடந்த விருந்தில் பணியாளர் ஒருவரின் கையிலிருந்து பீங்கான் தட்டுகள் தவறி விழுந்து நொறுங்கின. தெறித்த சில்லு ஒன்று லூக்காசின் கன்னத்தைக் கிழித்தது. சிறு காயந்தான். ஆனால் அதில் கிருமி தொற்றி, தோலைத் தாக்கும் கடுங்காய்ச்சலாக மாறியது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் கண்டறியப்படாத காலம் அது. சில நாள்களில், அக்டோபர் 3ஆம் நாள், தம் 49ஆம் வயதில் லூக்காஸ் இயற்கை எய்தினார். பெருநூலின் அடுத்த தொகுதிகள் வெளிவரவேயில்லை.

தொடரும் தேடல்

லூக்காசின் எண் 75 ஆண்டுகள் உலகின் மிகப்பெரிய பகா எண்ணாக நிலைத்தது. 1951ஆம் ஆண்டுதான் அதனினும் பெரியவை கண்டறியப்பட்டன. அதற்குக் கணக்கிடும் எந்திரமும் கணினியும் தேவைப்பட்டன. எவ்வித எந்திரத்தின் துணையுமின்றிக் கண்டறியப்பட்ட மிகப்பெரிய பகா எண் என்னும் சிறப்பு இன்றும் அதற்கே உரியது.

அவரது சோதனையை அமெரிக்கக் கணித அறிஞர் லெமர் 1930களில் செம்மைப்படுத்தினார். மூன்றுக்கு மாற்றாக நான்கில் தொடங்கினால் ஒற்றைப் பகா அடுக்குகள் அனைத்துக்கும் அது பொருந்துமாறு அமைத்தார். லூக்காஸ்–லெமர் சோதனை என வழங்கும் அதனைக் கொண்டு 1952ஆம் ஆண்டு ராபின்சன் என்பவர் கணினிவழி ஐந்து புதிய மெர்சென் பகா எண்களைக் கண்டறிந்தார். 1996ஆம் ஆண்டுமுதல் உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் தம் கணினிகளை இணையவழி ஒன்றிணைத்துத் தேடிவருகின்றனர். 2024ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்னும் பகா எண்ணுக்கு நான்கு கோடியே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் உள்ளன. அதனை உறுதிசெய்யவும் லூக்காஸ் வகுத்த வழியே பயன்பட்டது.

பயன் கருதி லூக்காஸ் இத்தேடலில் இறங்கவில்லை. இன்றோ, இணையத்தில் அனுப்பும் செய்திகளையும் வங்கிக் கணக்குகளையும் காக்கும் மறைகுறியீட்டு முறைகள் பலவற்றுக்குப் பெரிய பகா எண்களே அடிப்படை. உண்மையை அறிய வேண்டும் என்னும் வேட்கையால் தேடப்பட்டது, ஒரு நூற்றாண்டு கழித்து ஊருக்கு உதவும் பொருளாயிற்று. உயர்பதவியோ ஆய்வுக்கூடமோ இல்லாத ஒரு பள்ளி ஆசிரியர், முடியாது என விடப்பட்ட கணக்கை வேறு கோணத்தில் நோக்கி முடித்துக் காட்டினார். கடினமான கணக்கின் முன் திகைத்து நிற்கும் மாணவர்க்கு அவரது வாழ்வு ஒன்றை உணர்த்துகிறது. உழைப்பு வேண்டும்; அதற்கு முன், உழைக்க வேண்டிய வழி எது எனச் சிந்திக்கவும் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. மூன்று, நான்கு, ஐந்து வட்டுகளைக் கொண்டு ஹனோய் கோபுர விளையாட்டை வகுப்பறையில் நிகழ்த்துக. நகர்த்தல்களின் எண்ணிக்கையைப் பட்டியலிட்டு, அவற்றுள் பகா எண்கள் எவை எனக் காண்க.

2. நான்கில் தொடங்கும் சோதனையைக் கொண்டு 31 பகா எண் என்பதைக் கணக்கிட்டுக் காட்டுக.

3. 2⁶⁷ − 1 குறித்து லூக்காஸ் அறிந்ததற்கும் கோல் அறிந்ததற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கி ஒரு பத்தி எழுதுக.